படிந்த சேறும் நீங்கிய சேறும்



பூஜ்யபாத ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்திற்கு வகுத்தருளிய சர்வார்த்தசித்தி என்னும் உரையில், இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், நம் இல்லத்துப் பெண்மணிகள் அனைவரும் அறிந்த உவமை ஒன்று வருகின்றது. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் சேறு அடியிற் படிய, மேல்நீர் தெளிந்து நிற்கும். இஃது உபசமம், அதாவது வினை அடங்கி நிற்றல். அத்தெளிந்த நீரைத் தூய வேறொரு கலத்தில் இறுத்துக்கொண்டால், அங்கே சேறு என்பதே இல்லை. இது க்ஷயம், அதாவது வினை அடியோடு நீங்குதல். முதற் கலத்து நீரும் தெளிவுதான். இரண்டாம் கலத்து நீரும் தெளிவுதான். மேலிருந்து நோக்குவார்க்கு வேற்றுமை தெரியாது. கலம் அசைந்தால் தெரியும்.

இவ்வுவமையைத் தசலட்சண நாள்களில் நம் ஜினாலய மண்டபத்தில் நாற்பது ஆண்டுகளாக யாம் சொல்லி வந்திருக்கிறோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். சொல்லிய எமக்கு அது விளங்கியிருந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். விளங்கிய இடம் கோயிலன்று. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்தில், எம் மகள் குடியிருக்கும் பழைய வீட்டின் நிலவறையில், துருவேறிய ஒரு நீராவிக் கொதிகலனின் முன்னே அது விளங்கிற்று. 2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் வாரத்தில் நடந்ததை, வேண்டிய அளவு விரித்து இங்கே சொல்கின்றோம்.

ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனை நம்மவர் பலரும் கண்டிருப்பர். வட அமெரிக்காவின் குளிர்மிகுந்த ஊர்களில், நூறாண்டு கண்ட வீடுகள் பலவற்றின் நிலவறையில் அதன் சிறிய உறவினர் ஒருவர் இன்றும் இருக்கின்றார். வார்ப்பிரும்பாலான உடல்; அடியில் எண்ணெயோ எரிவாயுவோ எரியும்; உள்ளே பாதியளவு நீர். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகின்றது. அப்பெருக்கத்தின் வேகத்திலேயே ஆவி குழாய்களில் ஏறி, அறைதோறும் நிறுத்தப்பட்டிருக்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புக் கூடுகளை அடைந்து, தன் வெப்பத்தை அங்கே கொடுத்துவிட்டு, மீண்டும் நீராகித் தானே கீழே இறங்கி வருகின்றது. எம் மகள் வீட்டில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே குழாயில்தான். மேலே தள்ளப் பம்பு இல்லை. கீழே இழுப்பாரும் இல்லை. ஒரு வீட்டுக்கு 2 பவுண்டு அழுத்தம்கூட மிகுதி. ஏறியது இறங்குவதும், இறங்கியது ஏறுவதுமாகக் குளிர்காலம் முழுவதும் அதே நீர் சுழன்றுகொண்டிருக்கின்றது. நாற்கதிச் சுழற்சியை விளக்க இதனினும் நல்ல பொறி உண்டோ என்று முதல் நாளே எமக்குத் தோன்றிற்று. அந்த உவமையில் மயங்கி, பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டோம் என்பது வேறு.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் கூடும். நெருப்பும் நீரும் தேயுகாயிக, அப்புகாயிக உயிர்களின் உடல்கள் என்று நம் ஆகமம் கூறும்போது, இரவும் பகலும் நெருப்பெரித்து நீரைக் கொதிக்க வைப்பது சிராவகனுக்குத் தகுமோ? இல்லறத்தானுக்கு ஆரம்ப ஹிம்சை முற்றிலும் விலக்கப்படவில்லை. வேண்டிய அளவுக்கு மேற்படாமல், கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதே விதி. கைக்குழந்தை உள்ள வீட்டை உறைபனியில் நெருப்பின்றி வைத்தல் இயலாது. ஆனால் "கவனத்தோடு" என்னும் அச்சொல் இருக்கின்றதே, அதன் மீதுதான் இனி யாம் சொல்லப்போவது அனைத்தும் நிற்கின்றது.

சுழலும் நீர் வெறும் நீராக இராது. இரும்பினுள் நீரும், அந்நீரில் கரைந்த காற்றும் கூடினால் துரு பிறக்கும். புதிதாக ஊற்றும் நீரோடு சுண்ணம் முதலிய உப்புகளும் வரும். ஆவி இவற்றைச் சுமந்து செல்வதில்லை. நீர் மேலே போக, இவை கீழே தங்குகின்றன. துருவும் உப்பும் குழைந்து, நாளடைவில் கருஞ்சிவப்பான சேறாகின்றன. இச்சேறு எங்கே படிகின்றது என்பதே கருதத்தக்கது. நீர் விரைந்து ஓடும் இடத்தில் அது தங்காது. ஓட்டமில்லாத மூலைகளைத் தேடிச் சேர்கின்றது. கொதிகலனில் அத்தகைய மூலைகள் எவை தெரியுமோ? காவல் கருவிகள் வைக்கப்பட்ட இடங்களே!

அவற்றுள் முதலாவது, பக்கவாட்டில் நிற்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே எவ்வளவு நீர் உண்டு என்பதை வீட்டார்க்குக் காட்டும் கண் அது. இரண்டாவது, மிதவை கொண்ட ஒரு சிறு இரும்பறை. நீர் குறைந்தால் மிதவை இறங்கும். இறங்கியவுடன் அடியில் எரியும் நெருப்பு தானே அணையும். மூன்றாவது, பன்றிவால் போல் சுருண்ட ஒரு சிறு குழாயின் மேல் அமர்ந்து அழுத்தத்தை அளக்கும் கருவி. மூன்றும் ஓட்டமற்ற ஒதுக்குப்புறங்கள். ஆகவே, எச்சரிக்க வேண்டிய கருவிகளையே சேறு முதலில் மூடுகின்றது. ஞானாவரணம், தரிசனாவரணம் என்னும் வினைகள் அறிவையும் காட்சியையும் மறைக்கின்றன என்று நாம் பாடம் சொல்கின்றோம். அவை எவ்வாறு மறைக்கும் என்று சிறுவர் கேட்டால் இனி இக்கண்ணாடிக் குழாயைக் காட்டலாம்.

இதனால்தான் மிதவை அறையின் அடியில் ஒரு வால்வு வைத்திருக்கின்றார்கள். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை, நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, அடியில் வாளி வைத்து அவ்வால்வைத் திறக்க வேண்டும். சேறும் நீரும் சீறிப் பாயும். கையைச் சுடும், கவனம் வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை விட்டு மூட வேண்டும். நீர் பாயும்பொழுதே மிதவை இறங்கி நெருப்பு அணைய வேண்டும். அணைந்தால் காவலன் விழித்திருக்கின்றான் என்று பொருள். பிறகு குறைந்த நீரை ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. ஒரு வாளி கூட நிரம்பாது. வீட்டை விற்றுச் சென்ற முன்னைய உரிமையாளர் இதனை ஓர் அட்டையில் எழுதிக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

எம் மாப்பிள்ளை கடமை தவறுபவர் அல்லர். முதற் குளிர்காலத்தில் வாரந்தோறும் தவறாமல் செய்தார். அடுத்த ஆண்டு நினைவு வந்தபோது செய்தார். மூன்றாம் ஆண்டு குழந்தை பிறந்தது, உறக்கமே அரிதாயிற்று, அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், கண்ணாடியில் நீர்மட்டம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இறங்கக் கண்டு, அவ்வப்போது குழாயைத் திறந்து புதுநீர் விட்டுக்கொண்டிருந்தார். ஏன் இறங்குகின்றது என்று யாரும் கேட்கவில்லை. மார்கழி பிறக்குமுன் ஒருநாள் அவர் எம்மிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்: "மாமா, பாய்லர் இப்பொழுது தண்ணீரே கேட்பதில்லை. தானாகவே சரியாகிவிட்டது போலிருக்கிறது."

யாமும் மகிழ்ந்தோம். தானாகச் சரியாதல் என்பது எத்துணை இனிய சொல்!

ஜனவரி 4ஆம் நாள் அப்பகுதியைப் பெரும் பனிப்புயல் தாக்கிற்று. இரண்டு நாள் கழித்து, சுழியத்துக்குக் கீழே 15 பாகையையும் தாண்டிய குளிரில், மாடியறைகள் சூடேறவில்லை. பழுது பார்ப்பவரை அழைத்தார்கள். முதியவர் ஒருவர், தோளில் பையும் காலில் பனியுமாக வந்தார். நிலவறைக்கு இறங்கியவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. கண்ணாடிக் குழாயின் முன் குனிந்து அசையாமல் நின்றார். பாதியளவு நீர் தெளிவாகத் தெரிந்தது. கடைசியாக எப்போது நீர் விட்டீர்கள் என்று கேட்டார். நான்கு வாரமாகத் தேவைப்படவில்லை என்று மாப்பிள்ளை விடையிறுத்தார். மறுகணமே அம்முதியவர் படிக்கட்டருகே இருந்த சிவப்புப் பொத்தானை அடித்து நெருப்பை அணைத்தார்.

கொதிக்கும் கலத்தின் கண்ணாடியில் நீர் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. சற்றேனும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அசையாத நீர், கலத்தோடு தொடர்பற்ற நீர் என்று அவர் விளக்கினார். கண்ணாடியின் அடிக்குமிழைத் திறந்தார். குழாயில் நின்ற சிறிதளவு நீர் வடிந்தது; உள்ளிருந்து ஒரு துளியும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கேழ்வரகுக் கூழ் போன்ற கருஞ்சேறு பிதுங்கி வந்தது. மிதவை அறையின் வால்வைத் திறந்தார். அங்கும் ஒன்றும் வரவில்லை. மிதவை சேற்றிற் புதைந்து, நீர் நிறைந்த காலத்தில் நின்ற உயரத்திலேயே நின்றிருந்தது. கண் பொய் சொல்லிற்று, காவலன் உறங்கினான், அடியில் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே நீர் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதை எவரும் அறியார்.

எம் மகள் பதறி, உடனே நீர் விடலாமே என்றாள். அவர் மறுத்துவிட்டார். வறண்டு கனன்ற வார்ப்பிரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் இரும்பு வெடித்துப் பிளக்கலாம். விழுந்த நீர் நொடியில் ஆவியாகி அழுத்தம் பொங்கலாம். கை வைத்துத் தாங்கும் அளவுக்குத் தானே ஆறும்வரை தொடலாகாது. ஆறுவதற்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அதுவரை எட்டுத் திங்கள் நிரம்பிய எம் பேரனைக் கம்பளிகளிற் சுற்றி, சமையலறையில் ஒரு சிறு மின்னடுப்பருகே வைத்துக்கொண்டு எம் மகள் அமர்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் வெளிவரும் மூச்சு புகையாகத் தெரிந்தது. யாம் நிலவறைப் படியில் அமர்ந்து அவ்விரும்பையே நோக்கிக்கொண்டிருந்தோம்.

நற்பேறாக இரும்பு பிளக்கவில்லை. மாலையில் சிறிது சிறிதாக நீர் விட்டு, அடியில் ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகு, துப்புரவு தொடங்கிற்று. வால்வுகளைத் திறந்து வடித்தல், நுனி வளைந்த குழலால் உள்ளே நீரைப் பீய்ச்சிக் கலக்குதல், மீண்டும் வடித்தல். பன்றிவால் குழாயைக் கழற்றினால் அதுவும் அடைத்துக் கிடந்தது. மிதவைக் கருவியைப் பிரித்துச் சேற்றைச் சுரண்டி எடுத்தார்கள். வாளிகளை மேலே சுமந்தவர் மாப்பிள்ளை; எண்ணியவர் யாம். பதினொரு வாளி. சுடுநீரைப் பனிமேலும் மண்மேலும் கொட்ட வேண்டாம், அங்கும் உயிர்கள் உண்டு, ஆறவைத்துச் சாக்கடைத் தொட்டியில் விடுங்கள் என்று மட்டும் யாம் சொன்னோம். அம்முதியவர் காரணம் கேட்டார், சொன்னோம். தாம் நாற்பது ஆண்டுகளாக இத்தொழில் செய்வதாகவும், இதனை ஒருவர் சொல்லக் கேட்பது இதுவே முதன்முறை என்றும் சொல்லிவிட்டு, கடைசி வாளிகளைத் தாமே ஆறவைத்துக் கொட்டினார்.

அன்பர்களே! குணஸ்தானங்கள் பதினான்கனுள் பதினோராவது உபசாந்த கஷாயம் எனப்படும். அங்கே ஏறிய முனிவர்க்கு வெகுளியில்லை, மானமில்லை, மாயமில்லை, பற்றில்லை. அத்துணை உயர்ந்த நிலை. ஆயினும் அங்கு நின்றவர் ஓர் அந்தர்முகூர்த்தத்திற்குள் கீழிறங்கியே தீர்வர் என்று ஆகமம் கூறுகின்றது. ஏன்? கஷாயங்கள் அங்கே அடங்கியுள்ளன, அழியவில்லை. பன்னிரண்டாவதான க்ஷீண கஷாயத்தை அடைந்தவர்க்கோ வீழ்ச்சியே இல்லை. பதினொன்றும் பன்னிரண்டும் அடுத்தடுத்த எண்களே. ஆனால் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் படியே கிடையாது. க்ஷபக சிரேணியில் ஏறுபவர் பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குச் செல்கின்றார். அடக்கிக்கொண்டு ஏறியவருக்கு அந்த வழி திறப்பதில்லை. முனிவர்க்கே இவ்வாறாயின், "என் கோபம் ஆறிவிட்டது" என்று சொல்லித் திரியும் நம் போன்றார் நிலை என்ன? ஆறிற்றா, படிந்ததா?

கோம்மடசாரத்தில் நேமிசந்திரர் கஷாயங்களின் வாசனைக் காலத்தைக் கணக்கிடுகின்றார். சஞ்சுவலனம் அந்தர்முகூர்த்தம் வரை. பிரத்தியாக்கியானாவரணம் ஒரு பக்கம், அதாவது பதினைந்து நாள் வரை. அப்பிரத்தியாக்கியானாவரணம் ஆறு திங்கள் வரை. அதற்கும் மேல் நெஞ்சில் தங்குவது அனந்தானுபந்தி, பிறவிகள் பல தொடர்வது. நீர்மேற் கோடும், மணல்மேற் கோடும், நிலத்துப் பிளவும், கல்மேற் கோடும் என நான்கு உவமைகளும் நாம் அறிந்தவையே. ஆனால் அவை நான்கும் வெவ்வேறு கோடுகள் என்று யாம் நினைத்திருந்தோம். நிலவறையில் கண்டது வேறு. அன்று வந்த துரு நீரோடு போய்விடும். இரண்டு வாரத்துச் சேறு வாளியில் விழும். ஆறு திங்கள் கிடந்ததற்குக் கம்பியும் குத்தலும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் வெந்தது இரும்போடு ஒட்டிக் கல்லாகிவிடுகின்றது. அதனை இரும்பிலிருந்து பிரிக்க அம்முதியவரும் முயலவில்லை. எல்லாம் ஒரே சேறுதான். விட்டுவைத்த நாள்தான் அதனை வேறாக்குகின்றது. பகலுக்கொன்று, இரவுக்கொன்று, பக்கத்துக்கொன்று, நான்கு திங்களுக்கொன்று, ஆண்டுக்கொன்று என்று பிரதிக்கிரமணத்தைக் காலம் வகுத்து வைத்த நம் முன்னோர் எதனை எண்ணி அவ்வாறு வகுத்தனர் என்பது அன்று எமக்குப் புரிந்தது.

வடித்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நீர்மட்டம் ஏன் இறங்கிற்று என்னும் கேள்வி எஞ்சியிருந்ததே! மறுநாள் தேடியபோது, தரையோடு கிடந்த திரும்பு குழாய் ஒன்று பழைய கரித்தொட்டியின் பின்னே கசிந்துகொண்டிருந்தது. நீர் அங்கே ஒழுக, மாப்பிள்ளை புதுநீர் விட, புதுநீரோடு புதுக்காற்று வர, காற்றால் துரு பிறக்க, துரு சேறாக, இப்படி வந்தது அப்பதினொரு வாளி. ஊற்றை அடைக்கும் செறிப்பு இன்றி உதிர்ப்பு மட்டும் செய்பவன் ஓட்டைப் படகில் நீர் இறைப்பவன் என்பது நாம் என்றும் கேட்கும் செய்தி, விரிக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். மிகுதியாக வடிப்பதும் தீதே. வடித்த அளவுக்குப் புதுநீர் விட வேண்டும். அது புதுத்துருவைக் கொணரும். நீர் விட்டவுடன் கொதிக்க வைத்துக் கரைந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஆர்வமிகுதியால் நாள்தோறும் கலத்தைக் காலி செய்பவர்கள் இரும்பை விரைவில் தின்னக் கொடுக்கின்றார்கள். நோன்பில் அளவறியாத இளைஞர் இதனைக் கருதுக.

மற்றொரு வியப்பையும் விட்டுவிடலாகாது. கசிந்த குழாயை மாற்றிய பின், கண்ணாடியில் நீர் தாறுமாறாகத் துள்ளிற்று. புதுக்குழாய்க்கு மரை வெட்டும்போது பூசிய எண்ணெய் உள்ளே போய்விட்டதே காரணம். இதனை அடிவால்வைத் திறந்து நீக்க முடியாது. எண்ணெய் மேலே மிதப்பது. அடியில் எத்தனை வாளி வடித்தாலும் அது நீர்மட்டத்தோடு இறங்கி, நீர்மட்டத்தோடு ஏறிக்கொள்ளும். பக்கத்தில் மேலேயுள்ள துளை வழியாக, பென்சில் கனத்தில், மணிக்கணக்கில் மெல்ல வழியவிட வேண்டும். கீழே படியும் மாசு வேறு, மேலே மிதக்கும் மாசு வேறு. துப்புரவு செய்தபோதே உள்ளே புகுந்த மாசு இது. நோற்றவன் நெஞ்சில் நோன்பைப் பற்றிய மானம் புகுவது போல என்று யாம் சொன்னால், உவமை தேடி அலையும் கிழவர் என்று எம் மகள் நகைப்பாள். நகைத்தாள் என்பதே உண்மை.

இனிச் சொல்லப்போவது எளிதன்று. ஆயினும் பிறர்க்கு உரைத்த வாயால் சொல்லியே ஆகவேண்டும்.

எமக்கு ஒரு தம்பி உண்டு. 2001ஆம் ஆண்டு, எந்தையார் மறைந்தபின் நிலம் பிரிக்கப்பட்டபோது, பொதுக்கிணற்று மோட்டார்ச் செலவுக் கணக்கில் ஒரு தொகை இடித்தது. ஊர்ப் பெரியோர் ஐவர் முன்னிலையில், ஜினாலய மண்டபத்தில், தம்பி கணக்கைத் திருத்திவிட்டார் என்று யாம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மூன்று திங்கள் கழித்துப் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டியபோது, பிழை எம் கையெழுத்திலேயே இருந்தது. அதனை யாரிடமும் சொல்லவில்லை. நோட்டைப் பெட்டியில் வைத்தோம்.

தொடக்கத்தில் உறுத்திற்று. பிறகு உறுத்தல் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. தம்பியை வழியிற் கண்டால் வெகுளி எழவில்லை. அவர் உடல்நலத்தைப் பிறரிடம் கேட்டறிந்தோம். அவர் மகள் திருமணத்துக்கு மொய் அனுப்பினோம். மனம் அமைதியாயிற்று, காலம் சரிசெய்துவிட்டது என்றே நம்பினோம். நெஞ்சு தண்ணீர் கேட்கவில்லை. ஆண்டுதோறும் க்ஷமாவாணி நாளில், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க என்று அச்சிட்ட அட்டைகளை அனைவர்க்கும் அனுப்பினோம். தம்பிக்கும் ஒன்று போயிற்று. அன்று மண்டபத்தில் அனைவரும் ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கோரும் ஆரவாரத்தில் யாமும் உரக்கச் சொன்னோம். அவர் தூணருகே நின்று அதையே சொன்னார். பதினாறு ஆண்டுகள் இவ்வாறு சென்றன.

சிவாரியர் அருளிய பகவதி ஆராதனை, ஆலோசனை என்னும் குற்றம் உரைத்தலுக்குப் பத்துத் தோஷங்களைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று சப்தாகுலிதம். பலரும் கூடி ஒரே நேரத்தில் தத்தம் குற்றங்களைச் சொல்லும் பேரொலியின் நடுவே, எவர் செவியிலும் விழாதபடி தன் குற்றத்தையும் சொல்லிவிடுவது. இத்தோஷத்தை யாம் பலமுறை பொருள் விரித்திருக்கின்றோம். துறவியர்க்குச் சொன்னது என்று தள்ளி வைத்திருந்தோம். வூஸ்டர் நகரத்து நிலவறைப் படியில், அக்கருங்கலம் ஆறுவதற்காகக் காத்திருந்த அந்த நான்கு மணி நேரத்தில், அசையாது நின்ற அந்தத் தெளிந்த நீர் எம் கண்ணைவிட்டு அகலவில்லை.

இரண்டு நாள் கழித்து, நம் நாட்டில் மாலை விளக்கேற்றும் நேரம் பார்த்துத் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கே மிகவும் குளிராமே அண்ணா, என்று அவர்தாம் முதலில் கேட்டார். பொதுவாக மன்னிப்புக் கேட்பதற்கு எம் நாக்கு பழகியிருந்தது. அதை விலக்கி, ஆண்டையும் தொகையையும் சொல்லி, திருத்தியது நீயல்லை, பிழைத்தது என் கை, அதனை அந்த ஆண்டு ஐப்பசியிலேயே அறிந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் மும்முறை நின்றோம். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. இணைப்பு அறுந்ததோ என்று எண்ணினோம்.

"அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா, அண்ணா?"

"இருக்கிறது."

"ஊருக்கு வந்ததும் எடுத்து வாருங்கள். என்னிடம் காட்ட வேண்டாம். மண்டபத்துக்கு எடுத்து வாருங்கள்."

பங்குனியில் திரும்பி வந்தோம். புறப்படுமுன் மாப்பிள்ளை நிலவறைக்கு அழைத்துச் சென்று வால்வைத் திறந்து காட்டினார். அரை வாளி இளஞ்சிவப்பு நீர் பாய, அடியில் எரிந்த நெருப்பு பட்டென்று அணைந்தது. அட்டையின் பின்புறத்தில் வாரந்தோறும் நாள் குறித்து வந்திருந்தார்.

2001ஆம் ஆண்டு மண்டபத்தில் அமர்ந்த பெரியோர் ஐவருள் இருவரே எஞ்சியிருந்தனர். அவ்விருவரையும், தம்பியையும், அவர் வீட்டாரையும் அழைத்து, அதே இடத்தில் அமர்ந்து நோட்டை விரித்தோம். பெரியவர் ஒருவர்க்குச் செவி மந்தம். முதல்முறை படித்தது அவருக்குக் கேட்கவில்லை. அவர் அருகே சென்று, அந்தப் பக்கத்தை இன்னொருமுறை, இன்னும் உரக்கப் படித்தோம்.